அந்த ஊர்வல ஓவியம் மூலம் அல்ல, பிரதி

இணையத்தில் பகிரப்படும் ஒரு ஜப்பானிய அரசவை ஊர்வலப் படத்தை, 12ஆம் நூற்றாண்டில் வரைந்த 'நென்ஜூ கியோஜி' (அரசவையின் ஆண்டுச் சடங்குகளைக் காட்டும்) ஓவியச் சுருளின் மூலப்படி என்கிறார்கள். பலரும் அப்படியே எடுத்துப் போடுவதால் ஒரு சிறு திருத்தம்.

பேரரசர் கோ-ஷிரகாவா 12ஆம் நூற்றாண்டில் அந்தச் சுருள்களை வரைய வைத்தது உண்மை. சுமார் 60 சுருள்கள் இருந்ததாகச் சொல்வார்கள். ஆனால் மூலச் சுருள்கள் இன்று இல்லை. 1661இல் கியோட்டோ அரண்மனையில் பிடித்த தீயில் அவை போய்விட்டன. நல்லவேளையாக அதற்கு முன்பே சுமியோஷி ஜோகெய் என்ற ஓவியர் பிரதி எடுத்திருந்தார். நாம் இப்போது பார்ப்பது அந்த 17ஆம் நூற்றாண்டுப் பிரதியை, அல்லது அதற்கும் பின்னால் வந்த பிரதிகளை.

சரிபார்ப்பது எளிது. படம் எங்கிருந்து வந்ததோ அந்த அருங்காட்சியகத்தின் அல்லது நூலகத்தின் பக்கத்துக்குப் போய், காலம் என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஹெயன் காலம் (794–1185) என்றால் மூலம் வரையப்பட்ட 12ஆம் நூற்றாண்டும் அதில் அடங்கும். எடோ காலம் (1603–1868) என்றால் பிரதி. அப்புறம், ஜோகெய் எடுத்த பிரதியில் எஞ்சிய 16 சுருள்களையும் பார்த்தால், 7 மட்டுமே வண்ணத்தில் இருக்கும், மற்றவை வெறும் மைக்கோடுகள்.

பிரதி என்பதால் மதிப்பு குறைவு என்று நினைக்க வேண்டாம். கூரை உச்சியில் ஃபீனிக்ஸ் பறவை நிற்கும் பேரரசரின் பல்லக்கையும், அதைச் சூழ்ந்து செல்லும் கூட்டத்தையும் நாம் இன்று பார்க்க முடிவதே இந்தப் பிரதிகளால்தான்.