ஜாக்கி ஜோடிக்கு அவசரம் உண்டு

போக்கரில் நம்ம கொங்குப் பக்கத்து ஆட்டக்காரர்கள் அதிகம் கோட்டைவிடுவது கெட்ட கையில் இல்லை. கெட்ட கையை யாரும் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஃபுல் ஹவுஸ் (ஒரே மதிப்பில் மூன்று, இன்னொரு மதிப்பில் இரண்டு) அமைந்தால் எப்படி ஆடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. ஃப்ளாப், அதாவது எல்லோருக்கும் பொதுவான முதல் மூன்று சீட்டு, விழும்போது நம் கைதான் பெரியது, ஆனால் அடுத்த சீட்டில் அது செத்துப்போகலாம் என்கிற நிலைமை இருக்கிறதே, அங்கேதான் சிப் எல்லாம் கரைகிறது.

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். உங்கள் கையில் இருக்கும் இரண்டு சீட்டும் ஜாக்கி ஜோடி, ஸ்பேடும் டைமனும். ஃப்ளாப்பில் ஹார்ட்டின் 10, ஹார்ட்டின் 7, கிளாவர் 4. பாட்டில், அதாவது எல்லோரும் நடுவில் போட்ட சிப் குவியலில், 600. எதிரே இரண்டு பேர். போர்டில், அதாவது பொதுவில், விரித்திருக்கும் எல்லாவற்றையும் விட உங்கள் ஜோடி பெரியது. ஆனால் உங்களுக்குத் தெரியாத 47 சீட்டில் ராணி, ராஜா, ஏஸ் மட்டும் 12 இருக்கின்றன. அதாவது நாலாவது பொதுச் சீட்டான டர்னிலேயே உங்களைத் தாண்டும் சீட்டு விழ கால்வாசி வாய்ப்பு. எதிரில் ஒருவர் இரண்டு ஹார்ட்டின் வைத்திருந்தால் ஐந்து ஹார்ட்டின் சேர்த்து ஃப்ளஷ் அடிக்க அவருக்கு உதவும் சீட்டு 9. டர்னில் மட்டும் சுமார் 19 சதவீதம், ஐந்தாவது, கடைசிச் சீட்டான ரிவர் வரை பார்க்கவிட்டால் 35. உங்கள் கை தேற வேண்டுமென்றால் மிச்சம் இருக்கும் இரண்டு ஜாக்கியில் ஒன்று வர வேண்டும்.

இந்தக் கையை வைத்துக்கொண்டு செக் செய்பவர்களை, அதாவது சிப் எதுவும் போடாமல் முறையைத் தள்ளிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் ஞாயிற்றுக்கிழமை பொழுதோட உட்கார்ந்து ஆடுவோம். அங்கே ஒரு அண்ணன், இப்படி ஒரு கை வந்தால் செக்தான். "ஏனுங்ண்ணா, இதுக்குப் போயி செக் பண்றீங்க?" என்றால், "இருக்கட்டும் தம்பி, ஆளுக எல்லாம் உள்ள வரட்டும்" என்பார். உள்ளே வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள்? ஓசியில் ஒரு சீட்டு பார்க்க. பத்துப் பைசா வாங்காமல் கதவைத் திறந்துவிட்ட பிறகு, ஹார்ட்டின் விழுந்துவிட்டது என்று சீட்டின் மேல் பழி போடுவதில் நியாயமே இல்லை.

இதற்கு நேர் எதிரான பழக்கமும் உண்டு. கையில் இருக்கிற 3,000 சிப்பையும் தள்ளி ஆல் இன் போடுவது. "ஆளைக் கிளப்பிவிட்டாச்சு பார்" என்று பெருமை வேறு. கிளம்பிப் போனவர்கள் யார்? ஏஸ்-10 வைத்திருந்தவர், ராஜா-10 வைத்திருந்தவர், உங்களிடம் தோற்றுக்கொண்டிருந்தவர்கள். கால் செய்கிறவர், அதாவது அதே அளவு போட்டுத் தொடர்கிறவர், யார் என்றால் பெரும்பாலும் 10 ஜோடி, 7 ஜோடி, 4 ஜோடி வைத்து மூன்று சேர்த்தவர், அல்லது ராணி ஜோடியோ அதற்கு மேலோ வைத்திருப்பவர். 600-ஐ எடுக்க 3,000-ஐ வைத்து, தோற்கடிப்பவரை மட்டும் விருந்துக்குக் கூப்பிடுவது என்ன ஆட்டம்?

பெட் (நாம் பாட்டுக்குப் போடும் சிப்) என்பது விலை. பயமுறுத்தும் ஆயுதமாக அதைப் பார்ப்பதை முதலில் விட வேண்டும். பாட் 600 இருக்கும்போது 400 போடுங்கள். ஃப்ளஷுக்குக் காத்திருப்பவர் 1,000-ஐ எடுக்க 400 கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு கட்டுபடியாக அவருக்கு 28 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு வேண்டும். அடுத்த சீட்டுக்கு அவரிடம் இருப்பது 19. அவர் கால் செய்தால் உங்களுக்குச் சந்தோஷம், கையைப் போட்டுவிட்டுப் போனாலும் நஷ்டமில்லை. அதே இடத்தில் 100 போட்டால் அவருக்கு 12.5 சதவீதம் போதும், அது அவருக்கு லாபமான கடை. 9-8 வைத்து ஸ்ட்ரெய்ட்டுக்கு, அதாவது வரிசையாக ஐந்து சீட்டுக்குப் பார்ப்பவர், நாலு 6, நாலு ஜாக்கி என்று தனக்கு 8 சீட்டு இருப்பதாக நினைப்பார். அதில் இரண்டு ஜாக்கி உங்கள் கையில் இருப்பது அவருக்குத் தெரியாது.

ஈரோட்டில் மஞ்சளை வேகவைத்துக் காயவைத்து குடோனில் போட்டால் விலை வரும்வரை மாசக்கணக்கில் பொறுத்திருக்கலாம். கிணத்துக்கடவுச் சந்தைக்குப் போகும் தக்காளி அன்றைக்கே விலைபோக வேண்டும். இதே ஃப்ளாப்பில் 10 ஜோடி வைத்து மூன்று பத்து சேர்த்தவருடைய கை மஞ்சள் மாதிரி. டர்னில் ஹார்ட்டின் விழுந்து பின்தங்கினாலும், ரிவரில் 10 சீட்டு அவருக்கு ஃபுல் ஹவுஸோ நாலு பத்தோ கொடுக்கும். ஜாக்கி ஜோடி தக்காளி.

இதில் பலருக்குத் தலைகீழாகத் தோன்றும் ஒரு விஷயம்: ஜோடி சின்னதாக ஆக ஆக அவசரம் கூடுகிறது. 7-5-2 ஃப்ளாப்பில் 8 ஜோடி வைத்திருந்தால், 47 சீட்டில் 24 சீட்டு உங்கள் எட்டை விடப் பெரியது. பாதிக்கு மேல். அதே ஃப்ளாப்பில் ஏஸ் ஜோடிக்கு அந்தப் பயமே கிடையாது. ஆகவே எட்டு ஜோடிக்காரர்தான் இப்போதே விலை கேட்க வேண்டும்.

சுமாரான கை எல்லாம் தக்காளி என்றும் நினைத்துவிடக் கூடாது. உங்களிடம் ராஜா ஜோடி, போர்டில் ஏஸ்-7-2, மூன்றும் வேறு வேறு ஜாதி. எதிராளியிடம் ஏஸ் இருந்தால் உங்கள் கதை ஏறக்குறைய முடிந்தது, இரண்டு ராஜாவை நம்பி ரிவர் வரை போனாலும் 9 சதவீதம்தான். ஏஸ் இல்லையென்றால் அவர் உங்களைத் தாண்டுவது கடினம். அங்கே ஒரு சுற்று செக் செய்வதில் தப்பே இல்லை, பாட்டைச் சின்னதாக வைத்திருப்பதுதான் அழகு.

காசு வைத்து ஆடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் சாளையில் பிளாஸ்டிக் சிப் மட்டும்தான். ஆன்லைனில் காசு கட்டி ஆடுவதை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடுத்துவிட்டது. அது வந்தது நல்லது என்பதே என் எண்ணம். இந்த ஆட்டத்தின் கணக்கை ரசிக்கக் காசு தேவையில்லை.

சரி, 400 போட்டீர்கள், ஒருவர் கால் செய்தார், பாட் 1,400. டர்னில் ஸ்பேட் 2 மாதிரி ஒன்றுக்கும் ஆகாத சீட்டு விழுந்தால் மறுபடி 800, 900 போடுங்கள். காத்திருப்பவருக்கு இன்னும் ஒரே சீட்டுதான் பாக்கி, அதற்கும் விலை கொடுக்கட்டும். ஹார்ட்டின் ராஜா விழுந்தால்? செக். அவர் பெரிதாகப் போட்டால், அதுவும் வழக்கமாக அமைதியாக ஆடுபவர் என்றால், கையைக் கீழே வையுங்கள். இங்கேதான் நம்ம ஆட்களுக்குக் கை வராது. 101 ரம்மியில் முதல் டிராப்புக்கு (எடுத்ததும் விலகினால்) 20 பாயிண்ட், நடு டிராப்புக்கு (பாதியில் விலகினால்) 40, மாட்டினால் 80 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே நடு டிராப் அடிக்க ஒரு நொடி தயங்காதவர், போக்கரில் "இவ்வளவு போட்டாச்சே" என்று ஜாக்கி ஜோடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போட்ட சிப் பாட்டுக்குப் போயாச்சு, அது இனி உங்களுடையது இல்லை.

டேபிளில் நாலைந்து பேர் உள்ளே இருந்தால் எல்லாமே இன்னும் கறாராக வேண்டும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு சீட்டுக்குக் காத்திருப்பார்கள், ஏதோ ஒன்று யாருக்காவது உதவும். பெட்டைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், யாராவது ரெய்ஸ் செய்து விலையை ஏற்றினால் சீக்கிரமே விலகுங்கள்.

ரிவர் வரை கெட்ட சீட்டு எதுவும் விழாமல் தப்பித்துவிட்டால் விஷயம் மாறுகிறது. ஃப்ளஷ் கிடைக்காதவர் இனி எந்த விலையும் கொடுக்கமாட்டார், அவருக்காகப் பெட் போடுவது வீண். கொடுக்கக்கூடியவர் ஏஸ்-10 வைத்திருப்பவர்தான். அவரால் தாங்கக்கூடிய அளவு, பாட்டில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். பெரும்பாலும் கால் செய்வார்.