பேய் வந்தால் மட்டும் ஹாரர் ஆகிவிடுமா?

டிக்கெட் ஆப்பில் ஒரே படத்துக்கு ஹாரர், திரில்லர், காமெடி, டிராமா என்று நாலையும் போட்டு வைத்திருக்கிறார்கள். அதை நம்பி, வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூர் டிராஃபிக்கில் நீந்திப் போய் உட்கார்ந்தால் என்ன கிடைக்கிறது? காமெடியனைக் கன்னத்தில் அறைகிற பேய், ஒரு சோக ஃபிளாஷ்பேக், கடைசியில் ஒரு சாமி பாட்டு. பயம் எங்கே? பேய் வேஷம் போட்ட ஆள் வந்தால் போதும், ஹாரர் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கம் இதைவிட மோசம். நிஜமாகவே குலைநடுங்க வைக்கிற படம் வந்தால் அதை ஹாரர் என்று சொல்ல எல்லோருக்கும் கூச்சம். உடனே 'சைக்கலாஜிக்கல் திரில்லர்' ஆகிவிடும். 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' 1992இல் சிறந்த படம் உட்பட ஐந்து பெரிய ஆஸ்கர்களை வாங்கியது. அதை ஹாரர் என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கே வருவார்கள். விருது வாங்கினால் திரில்லர், மட்டமாக இருந்தால் ஹாரர். என்ன நியாயம் இது?

என் கணக்கு ஒன்றுதான். திரில்லரில் உண்மை தெரியத் தெரிய நாம் தப்பிக்கிறோம். ஹாரரில் உண்மை தெரியத் தெரிய மாட்டிக்கொள்கிறோம். பேய் இருக்கிறதா, எவ்வளவு ரத்தம் என்பதெல்லாம் அப்புறம்.

'ராட்சசன்' பார்த்து ராத்திரி தூங்காதவர்கள் உண்டு. ஆனாலும் அது திரில்லர்தான். அந்த சப்-இன்ஸ்பெக்டருக்குக் கிடைக்கிற ஒவ்வொரு தடயமும் கொலைகாரனை நோக்கி ஓர் அடி. 1960இல் வந்த 'சைக்கோ'வில் பேயே கிடையாது. கதாநாயகி என்று நாம் நம்பியவள் பாதிப் படத்துக்குள்ளேயே கொலையாகிப் போய்விடுகிறாள். முடிவில் ஒரு மனநல மருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறார். விளக்கம் கேட்ட பிறகாவது நிம்மதி வருகிறதா? அதற்கப்புறம் அந்தக் கொலைகாரன் தனியாக உட்கார்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போதுதான் வயிறு கலங்குகிறது. அது ஹாரர்.

ஆபீஸில் டீ குடிக்கும்போது இதைச் சொன்னால் கன்னட நண்பர் ஒருவர் 'ஆப்தமித்ரா'வைத் தூக்கிக்கொண்டு வருகிறார். 2004இல் பி.வாசு எடுத்தது. அடுத்த வருஷம் அவரே தமிழில் 'சந்திரமுகி' எடுத்தார். இரண்டுக்கும் மூலம் 1993இன் மலையாளப் படம் 'மணிச்சித்ரதாழ்'. "பேயாக வருகிற நாகவல்லியை விட ஹாரர் எது?" என்கிறார். ஐயா, அங்கே பேயும் இல்லை, ஹாரரும் இல்லை. சந்திரமுகியில் டாக்டர் நோயைக் கண்டுபிடிக்கிறார், வேட்டையன் ராஜாவின் பொம்மையை எரிக்க வைக்கிறார், ஜோதிகாவின் கங்கா குணமாகி எழுகிறாள். தெரிந்துகொண்டதால் எல்லோரும் பிழைத்தார்கள். ஜோதிகா ஒற்றைக் கையால் கட்டிலைத் தூக்குகிற அந்த நேரம் மட்டும், கணவராக வரும் பிரபு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறாரே, அந்த ஓரிரு நிமிஷம் சுத்தமான ஹாரர். ஒத்துக்கொள்கிறேன். அதற்காக முழுப் படத்தையும் அந்தப் பக்கம் தள்ள முடியாது.

'யாவரும் நலம்' மட்டும் இரண்டுமாக நிற்கிறது. மத்தியானம் ஒரு மணி சீரியலில் வருவதெல்லாம் மாதவன் வீட்டில் நடக்கிறது. சமையல் வேலை முடித்துவிட்டு வீட்டுப் பெண்கள் ஆசையாக உட்கார்ந்து பார்க்கிற அதே டிவி! பார்க்கப் பார்க்க அவருக்குக் கிலி ஏறுகிறது. அப்புறம் அவர் பழைய கொலையைத் துப்பறியக் கிளம்பியதும் படம் திரில்லராக மாறிவிடுகிறது. இப்படி இரண்டையும் தெரிந்து கலக்குகிறவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

என் கோபம் எல்லாம் அந்த நாலு பெயரையும் சேர்த்து ஒட்டுகிறவர்கள் மேல்தான். பயப்பட வேண்டும் என்றே காசு கொடுத்து வருகிற கூட்டம் ஒன்று இங்கே இருக்கிறது. காமெடிப் படம் எடுத்தால் காமெடி என்று போடுங்கள். பயமுறுத்த எடுத்திருந்தால் ஹாரர் என்று தைரியமாகப் போடுங்கள்.