கஹூட்டில் முதலிடம், வாசிப்பில்?

கல்வி மென்பொருள் என்றாலே பெற்றோர் நாம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். ஒரு கட்சிக்குத் திரை என்றாலே ஆகாது. இன்னொரு கட்சிக்குப் பள்ளியில் புதுச் செயலி வந்தாலே பெருமை. 2028க்குள் உயர்நிலை மாணவர் எல்லாருக்கும் கற்றல் சாதனம் என்று சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு போட்டிருந்த திட்டம், கொவிட் வந்ததும் 2021க்கே முன்னால் வந்துவிட்டது. சாதனம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை இனி எதற்கு? எந்த மென்பொருள், எந்தப் பாடத்துக்கு என்று கேட்போம்.

வீட்டில் தமிழ்த் துணைப்பாட வகுப்பு நடத்துகிறேன். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: யோசிக்கிற வேலையைச் செய்வது யார், பிள்ளையா மென்பொருளா?

கஹூட் என்ற வினாடி வினா விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு விடைக்கும் ஒரு வண்ண வடிவம், சரியானதைத் தட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு உயிர். ஆனால் அதில் சீக்கிரம் அழுத்துகிறவருக்குத்தான் கூடுதல் புள்ளி. வீட்டில் ஆங்கிலமே புழங்கும் பிள்ளை தமிழ் வாக்கியத்தை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பக்கத்துப் பையன் சிவப்பு முக்கோணத்தைத் தட்டிவிடுகிறான். அவனும் படித்திருக்க மாட்டான், ஒரு குத்துமதிப்புதான். இரண்டு மூன்று கேள்வி போனதும் இவளும் அதையே செய்கிறாள். கணக்கு வாய்ப்பாட்டுக்கு இந்த வேகம் சரி. தமிழ் வாசிப்புக்கு இது ஆகவே ஆகாது. பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் நேரத்தையாவது கூட்டி வையுங்கள்.

பயிற்சி மென்பொருள் மேல் எனக்கு இவ்வளவு கோபமில்லை. கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான எஸ்எல்எஸ்ஸில் 2023இல் வந்த தகவமைப்புக் கற்றல் முறை, கணக்கில் பிள்ளை தடுமாறும் இடத்தைப் பார்த்து அடுத்த பயிற்சியைத் தருகிறது. 40 பேர்வரை இருக்கும் வகுப்பில் ஆளுக்கொரு பயிற்சித்தாள் தயாரிக்க எந்த ஆசிரியரால் முடியும்?

கணக்கிலேயே ஜியோஜீப்ரா என்ற வடிவியல் வரையும் மென்பொருள் வேறு ரகம். முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மூன்று கோணங்களும் மாறுகின்றன. கூட்டினால் மட்டும் அதே 180 பாகை. அதை எப்படியாவது உடைத்துக் காட்டுகிறேன் என்று இழுத்துக்கொண்டே இருப்பார்கள் பாருங்கள், அந்தப் பிடிவாதம்தான் படிப்பு. இத்தனைக்கும் அது இலவசம்.

தமிழுக்கு என் ஓட்டு சாதாரண ஒலிப்பதிவு வசதிக்குத்தான். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் தாய்மொழி வாய்மொழித் தேர்வில் 2017 முதல் காணொளி பார்த்து உரையாட வேண்டும். வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் வாயே திறக்காத பிள்ளை, தனியாக மைக்கை அழுத்திவிட்டுப் பேசுகிறது. கேட்கிறது. 'பழம்' 'பலம்' ஆகிவிட்டது என்று தானே முகம் சுளித்து அழிக்கிறது, திரும்பப் பேசுகிறது. நான் நூறு தடவை திருத்தினாலும் நடக்காதது, தன் குரலைத் தானே கேட்கும்போது நடந்துவிடுகிறது. இதில் புள்ளியும் இல்லை, பட்டாசும் இல்லை. அதனாலோ என்னவோ யாரும் பெருமையாகப் படம் எடுத்துப் போடுவதில்லை.

அப்புறம் தட்டச்சு. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறை பெரியவர்களுக்கு வசதி, மறுக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துகளையே விசைகளில் வைத்திருக்கும் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குங்கள். க அடித்து இ அடித்தால் கி வருகிறது. உயிர்மெய் பிறக்கும் விதத்தைக் கரும்பலகையில் எழுதி விளக்குவதைவிட இது சீக்கிரம் பிடிபடுகிறது. தொடக்கத்தில் மெதுவாகத்தான் அடிப்பார்கள், அடிக்கட்டுமே.