துரோகி என்று யாரைச் சொல்கிறீர்கள்?

காரைக்குடியில் கூடைப்பந்து பார்க்கிறவர்கள் கிரிக்கெட் கூட்டத்துக்கு முன்னால் ஒரு கைப்பிடி ஆட்கள்தான். ஆனால் அந்தக் கைப்பிடிக்குள் துரோகிப் பட்டம் வழங்குவதற்கு மட்டும் ஆள் பஞ்சமே கிடையாது. குளிர்காலத்தில் என்.பி.ஏ. எனும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் ஆட்டங்கள் நமக்கு விடியற்காலை ஐந்தரை மணிவாக்கில் தொடங்குகின்றன. அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, மைதானத்தில் நாலு சுற்று ஓடிவிட்டு, செக்காலை ரோட்டில் டீக் கிளாசோடு வந்து நிற்கிறவர்கள், ஆட்டத்தில் யார் எப்படி ஆடினார் என்று பேசிக் கேட்டு வெகுகாலமாகிறது. எவன் எந்த அணியை விட்டு ஓடப் பார்க்கிறான், எவனுக்கு நன்றி கெட்டுப்போயிற்று, எவன் காசுக்கு விலைபோனான் என்பதுதான் தினசரிப் பேச்சு. அங்கே ஆடும் நட்சத்திரம் கெவின் டுரான்ட் பெயரை எடுத்தால் போதும், "அவன் பாம்புண்ணே" என்று ஒரு தம்பி ஆரம்பித்துவிடுவார். அந்தத் தம்பி போன வருஷம்தான் கூடுதல் சம்பளம் கிடைத்ததென்று, நோட்டீஸ் காலம்கூட முடியாமல், பழைய கம்பெனியை விட்டு வந்தவர். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிப் போய்த் தொழில் செய்து, அந்தப் பணத்தில் ஆயிரஞ்சன்னல் வீடு கட்டிய மண்ணில் நின்றுகொண்டு, பிழைப்புக்காக ஊர் மாறினான் என்று ஒரு வீரனை ஏசுவதைக் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, டுரான்டையே எடுத்துக்கொள்வோம். 2016 ஜூலை 4 அன்று அவர் ஓக்லஹோமா சிட்டி தண்டரை விட்டு கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸில் சேரப்போவதாக அறிவித்தார். அதே பருவத்தில் 73 ஆட்டங்களை வென்ற அணி அது. தொடரில் 3-1 என்று பின்தங்கியிருந்து எழுந்து தண்டரையே வீழ்த்திய அணியும் அதுதான். தன்னைத் தோற்கடித்தவர்களோடு போய்ச் சேர்வது ஒரு பெரிய ஆட்டக்காரருக்கு அழகா என்று கேட்டால், அழகில்லை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் துரோகம் எங்கிருந்து வந்தது? ஒப்பந்தம் முடிந்திருந்தது, சட்டப்படி அவருக்கு எங்கும் போகும் உரிமை இருந்தது, போனார். அதோடு 2007இல் அவரைத் தேர்ந்தெடுத்தது ஓக்லஹோமாவே அல்ல, சியாட்டில். 41 பருவங்கள் அந்த ஊரில் ஆடி, 1979இல் பட்டமும் வென்ற சூப்பர்சானிக்ஸ் அணியை, 2006இல் வாங்கிய புது முதலாளிகள் இரண்டே ஆண்டில் ஓக்லஹோமாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஓர் ஊரின் அணியையே வேரோடு பிடுங்கிக்கொண்டு போனவர்களை எங்கள் டீக்கடையில் யாரும் பாம்பு என்று சொன்னதில்லை. அந்தச் சாமான்களோடு சேர்த்து ஏற்றிச் செல்லப்பட்ட பத்தொன்பது வயதுப் பையன், எட்டு ஆண்டு கழித்துத் தன் காலால் நடந்து வெளியேறினால் மட்டும் பாம்பு. இதே தண்டர் நிர்வாகம் 2012 அக்டோபரில், சம்பளத்தில் சில மில்லியன் டாலர் இழுபறிக்காக, பருவம் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டனுக்குத் தள்ளிவிட்டது. அதற்கு நம்மவர்கள் வைத்திருக்கும் பெயர் நிர்வாகச் சாமர்த்தியம்.

ஒப்பந்தம் என்றால் அது இரண்டு பக்கத்தையும் கட்டிப்போட வேண்டும். நம் பக்கத்துப் பழைய வட்டிக்கடைகளில், கடல் தாண்டிப் போகிற ஏஜெண்டுக்கு மூன்று வருஷக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு எழுதுவார்கள். யாருடைய கடைக்குப் போகிறோம், என்ன சம்பளம், எத்தனை காலம் என்பதெல்லாம் கப்பலேறும் முன்பே அவருக்குத் தெரியும். என்.பி.ஏ. வீரன் ஐந்து ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டால் அந்த ஐந்து ஆண்டும் அவன் கட்டுப்பட்டவன். ஆனால் அணி நினைத்தால், அந்தச் சீட்டை அவனை ஒரு வார்த்தை கேட்காமல் இன்னொரு கடையின் பேருக்கு மாற்றி எழுதிவிடலாம். என் சம்மதமில்லாமல் என்னை மாற்றக் கூடாது என்று ஒரு வரி எழுதி வாங்க வேண்டுமானால், லீக்கில் குறைந்தது 8 ஆண்டும், அதில் 4 ஆண்டு அதே அணியிலும் ஆடியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அணி மனம்வைத்தால்தான் உண்டு. அப்படி வாங்கியவர்கள் மிகச் சிலரே.

அபராத விவகாரம் இதைவிட வேடிக்கையானது. 2019 ஜனவரியில் அந்தோணி டேவிஸ், நியூ ஆர்லியன்ஸில் தொடர விருப்பமில்லை, என்னை மாற்றிவிடுங்கள் என்று தன் ஏஜெண்ட் வழியாகப் பகிரங்கமாகச் சொன்னார். அப்படி வெளிப்படையாகக் கேட்பது விதிமீறல் என்று லீக் அவருக்கு 50,000 டாலர் அபராதம் போட்டது. ஆறு ஆண்டு கழித்து, அதே டேவிஸை, அவருக்கே தெரியாமல், ஓர் இரவில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து டாலஸுக்கு மாற்றினார்கள். அது விதிக்கு உட்பட்டதாம்.

அந்தக் காலத்து வீரர்கள் ஒரே அணிக்கு உயிரைக் கொடுத்தார்கள், இந்தக் காலத்துப் பையன்களுக்கு அந்தப் பண்பு இல்லை என்று பெருமூச்சு விடுகிற அண்ணாச்சிமார்கள் சிலர் உண்டு. அவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்: அந்தக் காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் வீரன் அணியின் பிடியில்தான் இருந்தான். ஆஸ்கர் ராபர்ட்சன் வீரர் சங்கத் தலைவராக இருந்து 1970இல் தொடுத்த வழக்கு 1976இல் சமரசத்தில் முடிந்த பிறகுதான் அந்தப் பிடி தளர்ந்தது. எந்தக் கட்டும் இல்லாமல் விரும்பிய அணிக்குப் போகும் உரிமையை முதன்முதலில் பயன்படுத்தியவர் டாம் சேம்பர்ஸ், ஆண்டு 1988. போக வழியில்லாமல் இருந்தவர்களின் இருப்பை விசுவாசம் என்று கொண்டாடி, அதை வைத்து இன்றைய பையனை அடிப்பது என்ன நியாயம்?

சரி, விசுவாசமாக இருந்தவனுக்காவது என்ன கிடைத்தது? ஐசையா தாமஸ் என்றொரு ஆட்டக்காரர். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். நம் மைதானத்திலேயே அவரைவிட உயரமான கல்லூரிப் பையன்கள் இருக்கிறார்கள். 2016-17 பருவத்தில் பாஸ்டன் செல்டிக்ஸுக்காக ஆட்டத்துக்குச் சராசரியாக 28.9 புள்ளி எடுத்தார். 2017 ஏப்ரல் 15 அன்று அவருடைய தங்கை கார் விபத்தில் இறந்துபோனார், வயது 22. மறுநாள் பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றின் முதல் ஆட்டம். ஷூவில் தங்கையின் பெயரை எழுதிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து எல்லார் கண் முன்னாலும் அழுத மனிதர், இறங்கி 33 புள்ளி எடுத்தார். நம் வீடுகளில் சாவு விழுந்தால் அடுப்பே பற்றவைப்பதில்லை, இவர் ஆடினார். அடுத்த சுற்றில் பல் பெயர்ந்து விழுந்தது, வாயில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்தார். மே 2, தங்கையின் பிறந்த நாள், அன்று வாஷிங்டனுக்கு எதிராக 53 புள்ளி. இடுப்பில் காயம் இருந்தது, அதோடும் ஆடினார், அது முற்றி இனி முடியாது என்று ஆகும்வரை ஆடினார்.

ஆகஸ்டு மாதம் பாஸ்டன் அவரைக் கைரி எர்விங்குக்குப் பதிலாகக் கிளீவ்லேண்டுக்குக் கொடுத்துவிட்டது. கதை அதோடும் முடியவில்லை. பாஸ்டனுக்காகக் கெடுத்துக்கொண்ட அந்த இடுப்பைச் சோதித்துப் பார்த்த கிளீவ்லேண்ட், சரக்கில் பழுது இருக்கிறது என்று முறையிட்டது. பாஸ்டன், புது வீரரை எடுத்துக்கொள்ளும் இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமை ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்துக் கணக்கை நேர்செய்தது. ஆறே மாதத்தில் கிளீவ்லேண்டும் அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்குத் தள்ளியது. பெரிய ஒப்பந்தம் ஒன்று அவருக்குக் கிடைக்கப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. 2018 கோடையில் அவர் கையெழுத்துப் போட்டது லீக்கின் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு. பாஸ்டன் நிர்வாகத்தை நன்றி கெட்டவர்கள் என்று எங்கள் கூட்டத்தில் யாராவது சொன்னதுண்டா? எர்விங் கிடைத்தாரே, நல்ல டிரேடு என்று மதிப்பெண் போட்டார்கள்.

தாமஸ் ஒருவர் மட்டுமா? டெமார் டிரோசன் டொரான்டோவில் ஒன்பது பருவம் ஆடினார், வெளியே போகும் வாய்ப்பு வந்தபோதும் அங்கேயே கையெழுத்துப் போட்டார். 2018 ஜூலையில் காவாய் லெனார்டுக்காக அவரைச் சான் அன்டோனியோவுக்கு அனுப்பினார்கள். டொரான்டோவுக்குப் பட்டம் வந்தது, ஆகவே செய்தது சரி என்றாகிவிட்டது. பிளேக் கிரிஃபினுக்கு அவருடைய அணியான கிளிப்பர்ஸ் செய்தது அப்பட்டமான நாடகம்: 2017 கோடையில் அவருடைய ஜெர்சியை மைதானக் கூரைக்கு ஏற்றுவதுபோல் ஒத்திகையே நடத்தி, காலமெல்லாம் நீ இங்கேதான் என்று மனத்தைக் கரைத்துக் கையெழுத்து வாங்கி, அடுத்த ஜனவரியில் டெட்ராய்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹாரிசன் பார்ன்ஸுக்கு 2019 பிப்ரவரியில், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே டாலஸ் பெஞ்சில் வைத்து, உன்னைச் சாக்ரமெண்டோவுக்கு மாற்றியாகிவிட்டது என்ற செய்தி வந்து சேர்ந்தது.

இனி டாலஸ் அணியின் நட்சத்திரமாக இருந்த லூக்கா டான்சிச். 2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. கானாடுகாத்தானில் உறவுக்காரர் வீட்டு விசேஷம். வளவில் பந்தி நடந்துகொண்டிருக்கிறது, வெள்ளைப் பணியாரத்துக்கு மிளகாய்த் துவையல் இன்னும் வரவில்லையே என்று பெரியவர்கள் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்தே முக்கால் மணி இருக்கும். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்காள் மகன் கைப்பேசியை நீட்டி, "மாமா, லூக்காவை லேக்கர்ஸுக்குக் குடுத்துட்டாங்களாம், யாரோ அக்கவுண்டை ஹேக் பண்ணிட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றான். ஹேக் எல்லாம் ஒன்றுமில்லை, உண்மைதான் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துபோயிற்று. அவனுடைய சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த 77ஆம் எண் நீல ஜெர்சியை அன்று சாயங்காலம் அவன் பீரோவுக்குள் திணித்தபோது, "துணி நல்லாத்தானே இருக்கு, வீட்டுக்குப் போட்டுக்க" என்றாள் அவனுடைய ஆத்தா. துணி நன்றாகத்தான் இருக்கிறது, அதிலென்ன சந்தேகம்!

இருபத்தைந்து வயது. முந்தைய ஆண்டுதான் அணியை இறுதிச் சுற்றுக்கு அழைத்துச் சென்றவர். லீக்கின் முதல் தர ஐவரில் தொடர்ந்து ஐந்து முறை இடம்பெற்றவர். டாலஸை விட்டுப் போகிறேன் என்று அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. பொது மேலாளர் நிக்கோ ஹாரிசன் ஜனவரியில் லேக்கர்ஸ் மேலாளரோடு காப்பி குடித்தபடி தொடங்கிய பேச்சை, வீரனுக்கும் தெரியாமல், ரசிகனுக்கும் தெரியாமல், வாரக்கணக்கில் மூடி மறைத்து நடத்தி முடித்தார். தடுப்பாட்டம்தான் பட்டம் வெல்லும் என்று காரணம் சொன்னார். இந்த மாற்றத்தால் டாலஸில் லூக்காவுக்குக் கிடைத்திருக்கக்கூடிய சுமார் 345 மில்லியன் டாலர் ஒப்பந்தத்துக்கான தகுதியே போயிற்று. தானாகக் கேட்டுப் போயிருந்தால்கூடச் சரி என்று விடலாம், கேட்காமலேயே அவ்வளவு பணத்தை இழந்தவரைப் பார்த்து, உடம்பைக் கவனிக்கவில்லை, அதனால்தான் அனுப்பினார்கள் என்று இங்கே செக்காலை ரோட்டில் நியாயம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தொந்தியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

டாலஸ் மைதானத்தின் வாசலில் டிர்க் நோவிட்ஸ்கியின் சிலை நிற்கிறது. 21 பருவங்கள் டாலஸுக்காக மட்டுமே ஆடியவர், அணிக்காகப் பலமுறை குறைந்த சம்பளம் வாங்கிக்கொண்டவர். விசுவாசம் என்றும் மங்காது என்ற பொருளில் பீடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை எழுதிய அதே அமைப்புதான், அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவரை நள்ளிரவில் அனுப்பியது. ரசிகர்கள் அந்தச் சிலையடியில் சவப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்து ஒப்பாரி வைக்காத குறையாக நின்றார்கள். ஏப்ரல் 9 அன்று லேக்கர்ஸ் சட்டையில் திரும்பி வந்த லூக்கா, பெஞ்சில் உட்கார்ந்து கண்ணீரோடு நினைவுக் காணொளியைப் பார்த்துவிட்டு, இறங்கி 45 புள்ளி எடுத்தார். லூக்காவுக்குப் பதிலாக டாலஸ் கொண்டுவந்த டேவிஸோ தன் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு வாரக்கணக்கில் வெளியே உட்கார்ந்தார்.

வீரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஹார்டன் மூன்று அணிகளிலிருந்து அடம்பிடித்து வெளியே வந்தவர். அவரைத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன். 2010இல் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லேண்டை விட்டுப் போவதைத் தொலைக்காட்சியில் தனி நிகழ்ச்சி வைத்து அறிவித்தது அநாகரிகம்தான். ஆனால் அதற்காகத் தெருவில் ஜெர்சியை எரித்தார்கள். தாமஸுக்காகப் பாஸ்டன் நிர்வாகத்தின் உருவப்படத்தை எரித்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

சிதம்பரம் செட்டியார் 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கும் ஒரு கூடைப்பந்து அணி உண்டு. அதுபோன்ற வங்கி அணிகளில் ஆடுகிறவருக்கு வங்கியிலேயே வேலை. முழங்கால் தேய்ந்த பிறகும் மேசையும் சம்பளமும் இருக்கும். அங்கே யாரும் யாரையும் துரோகி என்று ஏசிக்கொண்டிருப்பதில்லை.

டாலஸ் மேலாளர் நிக்கோ ஹாரிசனை 2025 நவம்பரில் வேலையிலிருந்து நீக்கினார்கள். அதற்குமுன் அந்த மே மாதத்திலேயே, வெறும் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு புது வீரர் தேர்வுக்கான குலுக்கலில் முதல் இடத்தையும் பெற்று, அடுத்த மாதம் கூப்பர் ஃபிளாக்கை எடுத்துக்கொண்டது டாலஸ். பார்த்தாயா, எல்லாம் நன்மைக்கே என்று அதற்கும் ஒருவர் டீயை உறிஞ்சியபடி சொன்னார். டிரேடுக்குச் சம்மதம் கொடுத்த உரிமையாளர் பேட்ரிக் டூமான்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2029-30 பருவம்வரை எழுதப்பட்டிருக்கிறது. அடுத்ததை எழுத உட்காரும்போது வீரர் சங்கம் வேறு எதையும் கேட்பதற்கு முன்னால், அந்த 8 ஆண்டு, 4 ஆண்டு நிபந்தனையைத் தூக்கிப்போட்டுவிட்டு, நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற எவரையும் முதல் இரண்டு பருவங்களாவது அவர் சம்மதமில்லாமல் மாற்றக் கூடாது என்று எழுதி வாங்க வேண்டும். முதலாளிகள் முடியாது என்பார்கள். அப்போது எங்கள் டீக்கடைத் தம்பி யார் பக்கம் நிற்பார் என்பது எனக்கு இப்போதே தெரியும்.