ஆமாம், நிமிர்ந்துதான் நிற்பேன்

ஞாயிற்றுக்கிழமை போட்ட கிரகப்பிரவேசப் படத்துக்குக் கீழே வந்த கமெண்டை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். எழுதியவர் அதை அழித்துவிட்டார், எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. "பேரன் எடுத்தாச்சு, இன்னும் என்ன விறைப்பும் மினுக்கும்?" அக்கா முறை வேண்டும், அதனால் பெயர் சொல்லவில்லை.

எனக்கு 62 வயது. நிமிர்ந்துதான் நிற்பேன். கசங்காத புடவைதான் கட்டுவேன். இதில் மினுக்கு எங்கே இருக்கிறது?

என் அம்மாவை அவருக்கும் தெரியும். ஐம்பதுக்கு மேல் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டே போனாள். எப்போதும் கட்டுகிற புடவைகள் தரையில் புரள ஆரம்பித்தன. வருஷா வருஷம் இடுப்பில் இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்வாள். "வயசானா கூன் விழத்தான் செய்யும்" என்று ஊரே சொன்னது. எக்ஸ்ரே எடுத்தபோதுதான் முதுகெலும்பு இரண்டு இடத்தில் முன்பக்கமாக நசுங்கியிருப்பது தெரிந்தது. மாதவிலக்கு நின்றபிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு வேகமாக பலமிழக்கும். கீழே விழவே வேண்டாம், குனிந்து ஒரு குடத்தைத் தூக்கினாலே நொறுங்கலாம். முதுகு வளைந்தால் நுரையீரல் விரிய இடமில்லாமல் மூச்சும் குறையும். அம்மா கடைசிவரை அப்படித்தான் மூச்சு வாங்கினாள். அதைப் பார்த்தவள், சுவரில் குதிகாலும் இடுப்பும் தோளும் படும்படி தினம் நின்று பழகினால் அது விறைப்பா?

"உடம்பு முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். கூன் விழுந்தவரை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடிந்தவள் நிமிர்ந்தால் ஏன் குத்துகிறது என்றுதான் கேட்கிறேன்.

"காசிருக்கிறவர் பேச்சு" என்றும் வரும். கட்டியிருந்தது தீபாவளித் தள்ளுபடியில் எடுத்த சுங்குடி. சோறு வடித்த கஞ்சி போட்டு நானே தேய்த்தது. தலைக்குச் சாயம்கூட அடிப்பதில்லை. இளமை வேஷம் என்பவர்கள் கண்ணுக்கு இந்த நரை தெரியவில்லையா?

அப்புறம், "கோயில் குளம் என்று இருக்க வேண்டிய வயசு" என்று இன்பாக்ஸில் ஒருவர். வைஜயந்திமாலா 2024-இல் அயோத்தி ராமர் கோயிலிலேயே பரதம் ஆடினார். அப்போது அவருக்கு 90 வயது. கோவை நானம்மாள் பாட்டி தொண்ணூறைத் தாண்டியும் யோகாசனம் சொல்லிக்கொடுத்து, 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார். அந்த வீடியோக்களைப் பகிர்ந்து "என்ன கம்பீரம்!" என்று எழுதியவரும் இதே அக்காதான்.

அதே படத்தில் என் பக்கத்தில் பெரியண்ணன் நிற்கிறார். எழுபதாகிறது. மீசைக்கு டை, கூலிங் கிளாஸ், பட்டு ஜிப்பா. அவருக்கு "எவர்கிரீன் ஹீரோ" என்று ஹார்ட் போட்டார்கள். போடட்டும், அண்ணன் அழகாகத்தான் இருந்தார். எனக்கு மட்டும் ஏன் கணக்குப் பார்க்கிறீர்கள்? வயசுக்கு வந்தபோது "நெஞ்சை நிமித்தி நடக்காதே" என்றார்கள், தோளைக் குறுக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம். கல்யாணமானதும் "தலையைக் குனிஞ்சு இரு" என்றார்கள். இப்போது வயசைச் சொல்கிறார்கள்.

வயசு வெறும் சாக்கு. புருஷன் போனபிறகு இவள் அரக்குச் சிவப்பு கட்டலாமா என்பதுதான் கேள்வி. அதை நேராகக் கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான். அவர் போன துக்கம் எனக்கு எவ்வளவு என்று என் புடவை நிறத்தை வைத்தா அளப்பீர்கள்?

அக்கா, அடுத்த மாதம் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. மாம்பழ மஞ்சளில் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். முன்வரிசையில்தான் உட்காருவேன், பிள்ளைக்கு வளையலும் போடுவேன். பிடிக்கவில்லையென்றால் என்னிடம் நேராகச் சொல்லுங்கள். என் மருமகளுக்குப் போன் போட்டு அவளை அழவைக்காதீர்கள்.