ஆஸ்திரேலியப் பால் வரியில்லாமல் வருகிறதா?

'இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் போட்டுவிட்டன. இனி அங்கிருந்து வரும் பால், கோதுமை, ஒயின் எதற்கும் வரியே கிடையாது' என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஒப்பந்தம் நிஜம்தான், மற்றது தவறு.

2022 ஏப்ரல் 2 அன்று கையெழுத்தாகி, அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் அது. பால் பொருள்களையும் கோதுமையையும் வரிச்சலுகைப் பட்டியலில் இந்தியா சேர்க்கவே இல்லை. பால் மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அதில் கை வைக்க எந்த அரசுக்கும் தயக்கம் இருக்கும்.

சரி, ஒயின்? 150 சதவீதமாக இருந்த வரி, 5 டாலருக்குக் குறையாத இறக்குமதி விலையுள்ள பாட்டிலுக்கு முதலில் 100 சதவீதமானது. 10 ஆண்டுகளில் 50 சதவீதத்துக்கு இறங்கும். 15 டாலரும் அதற்கு மேலும் என்றால் 75-இல் தொடங்கி 25-இல் நிற்கும். எந்தக் கணக்கில் பார்த்தாலும் சுழியம் வரவில்லை. (டாலர் என்பது அமெரிக்க டாலர்.)

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். எல்லாப் பொருளுக்கும் வரியை நீக்க ஒப்புக்கொண்டது ஆஸ்திரேலியா. அதுவும் இந்தியாவிலிருந்து அங்கே போகும் சரக்குக்கு. யாரோ திசையை மாற்றிப் படித்துவிட்டார்கள். அப்புறம், அந்தச் சலுகையும் தானாகக் கிடைக்காது. சரக்கு இந்தியாவில் உருவானது என்பதற்கான பிறப்பிடச் சான்றிதழைக் காட்டியாக வேண்டும்.