செருப்பு வரிசையைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மறுபடியும் இங்கே போடப் போவதில்லை. 2021 ஜூன், கொரோனா தடுப்பூசிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் செருப்பு, செங்கல், மடக்குக் குடை, மேலே கல் வைத்த ஆதார் ஜெராக்ஸ் என்று வளைந்து வளைந்து போகும் வரிசை. ஆட்கள் ஓரமாக நிழலில். மேலே இங்கிலீஷில் இரண்டு வரி: மார்ச்சில் கூப்பிட்டபோது வராத கூட்டம், ஜூனில் செருப்பை அனுப்பியிருக்கிறது என்று. நேற்று இரவு பார்த்தபோது ஆயிரத்துச் சொச்சம் பேர் சிரித்திருந்தார்கள். அதில் பதினொரு பேர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். எண்ணிப் பார்த்தேன். ஆமாம், வேலை இல்லாமல்தான்.

போட்டவரும் நண்பர்தான், நல்ல மனிதர். பெயரைச் சொன்னால் பேச்சு அவரைப் பற்றியதாகிவிடும், வேண்டாம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பயந்தவனைத் திட்டாதீர்கள், அவனுக்குப் பதில் சொல்லுங்கள். பதில் சொல்லத் தெரியவில்லையென்றால் சும்மாவாவது இருங்கள்.

முதலில் இந்த 'மார்ச்சில் வரவில்லை' கதை. என் அம்மா வந்தார். 63 வயது, சர்க்கரை உண்டு. மார்ச் 1 முதல் அறுபதைத் தாண்டியவர்களுக்குப் போடுகிறார்கள் என்று டிவியில் பார்த்துவிட்டு, திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போனார். அங்கே இருந்தது மூன்று பேர். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து. திறந்துவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மீந்தால் கொட்ட வேண்டும், கொட்டினால் மேலே கணக்குக் கேட்பார்கள். நர்ஸம்மா பாவம் என்ன செய்வார்? "பத்துப் பேர் சேரட்டும்மா, மதியம் வரைக்கும் பாக்கலாம்" என்றிருக்கிறார். மதியம் வரை ஏழு பேர்தான் சேர்ந்தார்கள். உங்கள் கணக்கில் அந்த ஏழு பேரும் வராதவர்கள்.

ஏப்ரல் 8 அன்று கோவிஷீல்டு முதல் ஊசி கிடைத்தது. ஆறு முதல் எட்டு வாரத்தில் இரண்டாவது என்றார்கள். மே 20 அன்று போனார். அதற்கு ஒரு வாரம் முன்பே டெல்லியில் அதைப் பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் என்று மாற்றிவிட்டார்கள். ஜூலை முதல் தேதிக்கு மேல் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். இடைவெளி கூடினால் எதிர்ப்புச் சக்தி நன்றாக வருகிறது என்று ஆய்வுகள் இருக்கின்றன, நானும் படித்தேன், சரி. அம்மா படிக்கவில்லை. அவர் போனில் சொன்னது இது: "மொதல்ல நாலு வாரம்னான், அப்புறம் ஆறுன்னான், இப்ப பன்னெண்டுன்றான். மருந்து இல்லைன்னு நேரா சொன்னா நாம என்ன சண்டைக்கா போகப் போறோம்?"

அடுத்து சித்தப்பா. 52 வயது. ஏப்ரல் 1 முதல் 45-க்கு மேல் எல்லோருக்கும் என்றானபோது போடலாம் என்றுதான் இருந்தார். ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கேமராக்களுக்கு முன் ஊசி போட்டுக்கொண்டு, நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். 17-ஆம் தேதி விடியற்காலை அவர் இல்லை. இதய ரத்தக் குழாயில் முழு அடைப்பு, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். நான் அதை நம்பினேன், இன்றும் நம்புகிறேன். சித்தப்பா கேட்டார்: "அவருக்கு ஆனதுக்கு டாக்டருங்க எல்லாம் வரிசையா உக்காந்து பதில் சொல்றாங்க. எனக்கு ஏதாவது ஆனா யாரும்மா சொல்லுவா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் என்ன சொன்னேன் தெரியுமா? "படிக்காதவங்க மாதிரி பேசாதீங்க சித்தப்பா" என்றேன். எட்டாவது வரை படித்தவரிடம். அவர் "சரிம்மா" என்று போனை வைத்துவிட்டார். ஆகவே நண்பரே, நீங்கள் எழுதிய இரண்டு வரியை உங்களுக்கு முன்பே சொன்னவள் நான்தான். கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை.

உடனே சிலர் வருவார்கள், வாட்ஸ்அப் வதந்திக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று. இல்லை. ஊசி போட்டவர்கள் எல்லோரும் இரண்டு வருடத்தில் செத்துவிடுவார்கள் என்று நோபல் பரிசு வாங்கிய ஒருவர் சொன்னதாகச் சுற்றிய செய்தியை, எங்கள் குடும்ப குரூப்பிலேயே நான்கு முறை பொய் என்று எழுதினேன். ஆனால் வதந்தி வெறும் தரையில் முளைக்காது. ஜனவரி 3 அன்று இன்னொரு தடுப்பூசியான கோவாக்சினுக்கு அனுமதி கொடுத்தபோது மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு வரவில்லை. போட்டுக்கொண்டவர்களிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கினார்கள். ஜனவரி 16-இல் ஊசி போடத் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் தயங்கியது யார்? மருத்துவத் துறையில் வேலை பார்ப்பவர்களேதான். அவர்கள் தயங்கினால் அதற்குப் பெயர் எச்சரிக்கை. என் சித்தப்பா தயங்கினால் அறியாமை. நல்லா இருக்கு நியாயம்.

எங்கள் ஜனம் ஊசிக்கு எதிரி என்று சொல்லாதீர்கள், சிரிப்பு வருகிறது. அம்மாவின் கையில் அம்மைத் தடுப்பூசித் தழும்பு எட்டணா அளவுக்கு இருக்கிறது. போலியோ சொட்டு மருந்து ஞாயிற்றுக்கிழமையில் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். விடுபட்ட வீட்டைத் தேடி மறுநாள் தெருவுக்கே வருவார்கள், குழந்தையின் சுண்டு விரலில் மை வைப்பார்கள், சுவரில் சாக்பீஸால் குறி போடுவார்கள். அப்படித்தான் 2014-இல் போலியோ இல்லாத நாடு என்று சான்று வாங்கினோம். அங்கே மருந்து மனிதனைத் தேடி வந்தது. இங்கே 18-இலிருந்து 44 வரை உள்ளவன் போனில் கோவின் என்ற முன்பதிவுத் தளத்தைத் திறக்க வேண்டியிருந்தது, ஓடிபி வருவதற்குள் இடம் போய்விடும். அதுவும் முதலில் இங்கிலீஷில் மட்டும்.

சரி, பயம் தெளிந்து வந்தான் என்றே வையுங்கள். மருந்து எங்கே? மே 1 முதல் 18 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் என்று அறிவித்தார்கள். ஒரே கம்பெனி, ஒரே கோவிஷீல்டு குப்பி. டோஸ் ஒன்றுக்கு மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலத்துக்கு 400 என்று சொல்லி அப்புறம் 300, தனியாருக்கு 600. 18 முதல் 44 வயதுக்காரருக்கு மட்டும் மத்திய அரசு இலவசமாகத் தராத இந்தக் கொள்கை பற்றி உச்ச நீதிமன்றமே, பார்த்த மாத்திரத்தில் தன்னிச்சையாக, அறிவுக்குப் பொருந்தாததாகத் தெரிகிறது என்றது. தமிழ்நாடு மூன்றரைக் கோடி டோஸுக்கு உலக டெண்டர் விட்டது, ஒருவரும் வரவில்லை. செங்கல்பட்டில் பல நூறு கோடியில் கட்டிய தடுப்பூசி வளாகம் அப்போது ஒரு டோஸ்கூடத் தராமல் கிடந்தது. ஜூன் 21 முதல் மத்திய அரசே வாங்கித் தரும் என்று அறிவித்தார்கள். தரட்டும், சந்தோஷம். இதையெல்லாம் விட்டுவிட்டு நமக்குச் சிரிக்கக் கிடைத்தது ரப்பர் செருப்பு.

'அரசியல் பேசுகிறாய்' என்பவர்களுக்கு: ஆமாம். 'கூட்டம் சேர்ந்தால் தொற்று பரவுமே' என்பவர்களுக்கு: அதனால்தானே ஐயா செருப்பை வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறார்கள்!

நான் எப்படிப் போட்டுக்கொண்டேன் என்று கேட்பீர்கள். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில், பணம் கட்டி, ஏசியில் உட்கார்ந்து. முடிந்ததும் ஜூஸ் கொடுத்தார்கள். தோளைக் காட்டிப் படம் போட்டேன். முதல் இதயம் விட்டவர் இந்த நண்பர்தான். பணம் கொடுத்து வரிசையைத் தாண்டிப் போன எனக்கு இதயம். நாலு மணிக்கு எழுந்து போனவருக்குச் சிரிப்பு.

நாலு மணி என்று சும்மா சொல்லவில்லை. மே கடைசியில் சித்தப்பா வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் ஒருவர் போய்விட்டார். சித்தப்பாவை விட நான்கு வயது சின்னவர், ஆக்சிஜன் படுக்கை தேடியே ஒரு நாள் போயிற்று. அதற்குப் பிறகு சித்தப்பாவை யாரும் கூப்பிடவில்லை, அவராகவே போனார். முதல் நாள் 50 டோக்கன், இவர் 63-ஆவது. இரண்டாம் நாள் மருந்தே வரவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை நாலு மணிக்குப் போய்ச் செருப்பை வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பதினொன்றரைக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தார். எனக்குப் போன் செய்து, "போட்டுட்டேன்மா, இப்பப் படிச்சவன் ஆயிட்டேனா?" என்றார். கிண்டலாகத்தான் கேட்டார். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

இன்று காலை அந்தப் படம் எங்கள் குடும்ப குரூப்புக்கும் வந்துவிட்டது. சித்தப்பா பெரிதுபடுத்திப் பெரிதுபடுத்திப் பார்த்திருக்கிறார். பத்து நிமிஷத்தில் போன்.

"இது நம்ம ஊரு இல்லம்மா. நம்ம ஊர்ல கேட்டுக்கிட்ட வேப்பமரம் இருக்கும். என் செருப்பு இருக்கான்னு பாத்தேன்" என்றார். அப்புறம், "மேல என்னமோ இங்கிலீஷ்ல எழுதியிருக்கே, என்ன அது?"

"எப்ப மருந்து வரும்னு கேட்டு எழுதியிருக்காங்க சித்தப்பா" என்றேன்.

"அதான, நாமளும் அதத்தான கேக்குறோம்" என்றார்.